நோக்கக் கடிதம்: ரெசிடென்சிக்கும் ஆய்வுப் படிப்பிற்கும் ஒன்றையே அனுப்பலாமா?

#1 வைகைக்கரை

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் எம்.பி.பி.எஸ். முடித்து, ஹவுஸ் சர்ஜனாக ஓராண்டும் அதன்பின் நெஞ்சக நோய்ப் பிரிவில் ஒப்பந்த மருத்துவராக ஓராண்டும் பணியாற்றியிருக்கிறேன். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யில் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 இரண்டும் முடிந்துவிட்டன. இந்த ஆண்டு அமெரிக்காவில் இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவம்) ரெசிடென்சிக்கு, அதாவது மருத்துவமனையில் பணியாற்றியபடியே பெறும் மேற்பயிற்சிக்கு, விண்ணப்பிக்கிறேன். அது கைகூடாமல் போனால் என்ன செய்வது என்ற அச்சத்தில், கனடாவில் இரண்டு பல்கலைக்கழகங்களின் மருத்துவ அறிவியல் முதுநிலை ஆய்வுப் படிப்பிற்கும் விண்ணப்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

என் குழப்பம் கடிதத்தைப் பற்றியது. ஓரிடத்தில் பெர்சனல் ஸ்டேட்மென்ட் என்கிறார்கள், இன்னோரிடத்தில் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ் என்கிறார்கள், கனடாவில் லெட்டர் ஆஃப் இன்டென்ட் (எல்.ஓ.ஐ.) கேட்கிறார்கள். "எல்லாம் ஒன்றுதான், பெயரை மட்டும் மாற்றி அனுப்பு" என்று விடுதியில் உடனிருந்த சீனியர் சொல்கிறார். வேறொருவரோ, எல்.ஓ.ஐ. என்பது நேர்காணல் முடிந்த பிறகு எழுதுவது, இப்போது எழுதவே கூடாது என்கிறார். எது சரி?

ஆங்கிலத்தில் எழுதிய வரைவின் முதல் பத்தியை இக்குழுவின் வழக்கப்படி தமிழாக்கித் தருகிறேன். தயங்காமல் குறை சொல்லுங்கள்.

"சிறுவயது முதலே மருத்துவராக வேண்டும் என்பது என் கனவு. என் தாத்தா காசநோயால் துன்புற்று இறந்ததைக் கண்ட நாளில், மனிதகுலத்திற்குத் தொண்டு செய்வதே என் வாழ்வின் இலட்சியம் என்று உறுதி பூண்டேன். உலகப் புகழ்பெற்ற தங்கள் நிறுவனத்தில் பயில ஒரு வாய்ப்பை நல்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்."

#2 இரவுப்பணி

வணக்கம் தம்பி. நான் அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் இன்டர்னல் மெடிசின் மூன்றாம் ஆண்டு ரெசிடென்ட். நீங்கள் கேட்ட இருவருமே பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார்கள், அதனால்தான் குழப்பம் கூடியிருக்கிறது.

விண்ணப்பத்தோடு சேர்ந்து போகும் கடிதம் ஒன்று உண்டு. ரெசிடென்சியில் அது ஈராஸ் என்ற இணைய விண்ணப்ப அமைப்பு வழியாகப் போகும் பெர்சனல் ஸ்டேட்மென்ட். அந்தப் பெட்டி இடைவெளிகள் உட்பட 28,000 எழுத்துகள் வரை ஏற்றுக்கொள்ளும் என்பதைப் பார்த்துவிட்டு யாரும் நான்கு பக்கம் எழுதிவிடக் கூடாது. ஒரு பக்கத்தைத் தாண்டினால் படிப்பவர் கண் கீழே இறங்காது. ஒன்றுக்கு மேற்பட்ட ஸ்டேட்மென்ட்களைச் சேமித்து வைத்து, எந்த மருத்துவமனையின் பயிற்சிப் புரோகிராமுக்கு எது போக வேண்டும் என்று நாமே பிரித்துக் கொடுக்கவும் ஈராஸில் வழி இருக்கிறது. கனடாவின் ஆய்வுப் படிப்பில் விண்ணப்பத்தோடு கேட்கப்படும் லெட்டர் ஆஃப் இன்டென்ட்டும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் உள்ளே இருக்க வேண்டிய சரக்கு வேறு. அதை ஆய்வுத் துறையில் இருப்பவர்கள் சொல்லட்டும்.

இரண்டாம் வகை, நேர்காணல்கள் முடிந்த பின் எழுதுவது. அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் எம்.டி. (அங்கே அதுதான் அடிப்படை மருத்துவப் பட்டம்) சேர்க்கைக்குக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் மாணவர், "இடம் தந்தால் உங்களிடமே சேருவேன்" என்று ஒரே ஒரு கல்லூரிக்கு எழுதும் கடிதத்தைத்தான் அங்கே எல்.ஓ.ஐ. என்ற பெயரால் முதலில் நினைப்பார்கள். ஏப்ரல் 30ஆம் தேதியை ஒட்டி, பல இடங்களைக் கையில் வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தவிர மற்றவற்றை விட்டுவிட வேண்டியிருப்பதால் பட்டியல் நகரத் தொடங்கும். அந்த நேரத்தில் நிச்சயமாக வருபவர் யார் என்பது கல்லூரிக்குப் பயனுள்ள செய்தி.

ரெசிடென்சியில் நிலைமை அப்படியில்லை. அங்கே இடம் தருவது என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பு நடத்தும் மேட்ச் என்னும் பொருத்துதல் முறை. நாம் ஒரு வரிசைப் பட்டியல் கொடுக்கிறோம், புரோகிராம்களும் கொடுக்கின்றன, கணினி பொருத்திப் பார்க்கிறது. 1998 முதல் நடைமுறையில் உள்ள கணக்கீட்டு முறை விண்ணப்பதாரரின் விருப்பத்திலிருந்து தொடங்குவது. அதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லியுடன் சேர்ந்து 2012இல் பொருளாதார நோபல் பெற்றார். இந்த முறையில் நாம் உண்மையாக விரும்பும் வரிசையிலேயே பட்டியல் கொடுப்பதுதான் நமக்கு நன்மை. "உங்களைத்தான் முதலிடத்தில் வைத்திருக்கிறேன்" என்று மின்னஞ்சல் அனுப்பலாம், அதற்குத் தடையில்லை. ஆனால் அது யாரையும் கட்டுப்படுத்தாது. சான்றளித்து அனுப்பிய பட்டியல் மட்டுமே கணக்கில் வரும். அத்தகைய உறுதிமொழியைக் கேட்டு வாங்குவதற்கு இரு தரப்புக்கும் விதி இடம் தரவில்லை. எந்த ஊர்களில் விண்ணப்பித்திருக்கிறாய் என்று புரோகிராம் கேட்பதும் கூடாது.

ஆகவே இப்போது நீங்கள் எழுத வேண்டியவை ஸ்டேட்மென்ட் ஒன்று, ஆய்வுக் கடிதம் ஒன்று. மின்னஞ்சலைப் பற்றிப் பிப்ரவரியில் கவலைப்படலாம்.

#3 பழையமாணவன்

வைகைக்கரையின் கடைசி வரியைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. "வாய்ப்பை நல்கி உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்பது நம் எல்லோருடைய கையெழுத்து. பள்ளியில் நாம் எழுதப் பழகிய ஒரே கடிதம் விடுமுறை விண்ணப்பம். "கடும் காய்ச்சல் காரணமாக" என்று தொடங்கி "தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்" என்று முடியும்.

அதன்பின் நம்மை யாரும் எதற்காகவும் "ஏன்" என்று கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 2007-08 கல்வியாண்டு முதல் நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டு, பிளஸ் டூ கட்-ஆஃப் முடிவு செய்தது. 2017 முதல் நீட் மதிப்பெண் முடிவு செய்கிறது. மேற்படிப்புக்கும் தரவரிசைதான். கலந்தாய்வில் திரையைப் பார்த்து, எந்த இடம் காலியாக இருக்கிறதோ அதைத் தொட்டோம். ரேடியாலஜி எடுத்தவனிடம் ஏன் ரேடியாலஜி என்று கேட்டால், "அந்த ரேங்கிற்கு அதுதான் கிடைத்தது" என்பதே நேர்மையான பதிலாக இருந்திருக்கும். இருபத்தைந்து வயதில் திடீரென்று ஒருவர் ஒரு பக்கம் காரணம் எழுதச் சொன்னால், பழைய விடுமுறை விண்ணப்பம்தான் கைக்கு வருகிறது. நம் முறை கெட்டது, அவர்களுடையது நல்லது என்று சொல்ல நான் வரவில்லை. மதிப்பெண்ணில் செல்வாக்கு நுழைவது கடினம், கட்டுரையில் எளிது. ஆனால் அந்தக் கதவைத் தட்டப் போகிறவர் இந்த வேறுபாட்டை அறிந்துதான் தட்ட வேண்டும்.

#4 சோதனைக்குழாய்

கனடாவில் ஆய்வுக்கூடம் நடத்துகிறேன். சேர்க்கைக் குழுவில் சில ஆண்டுகள் இருந்திருக்கிறேன். இரவுப்பணி அவர்கள் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

ரெசிடென்சி ஸ்டேட்மென்ட்டைப் படிப்பவர், "இரவு இரண்டு மணிக்கு இவரை வார்டில் நம்பி விடலாமா" என்று பார்க்கிறார். ஆய்வுக் கடிதத்தைப் படிக்கும் நான் வேறொன்றைப் பார்க்கிறேன்: இவரிடம் ஒரு கேள்வி இருக்கிறதா, அந்தக் கேள்வியோடு எத்தனை தூரம் நடந்து பார்த்திருக்கிறார், எந்த இடத்தில் நின்றுவிட்டார், அங்கிருந்து நகர எங்கள் கூடம் எதற்குத் தேவை. இவற்றுக்கு விடை கிடைத்தால் ஆங்கிலம் சற்றுக் கரடுமுரடாக இருந்தாலும் நான் பொருட்படுத்துவதில்லை.

அமெரிக்காவில் எம்.டி.-பிஎச்.டி. இரட்டைப் பட்டத்திற்கு விண்ணப்பிப்பவர்கள் வழக்கமான 5,300 எழுத்துக் கட்டுரைக்கு மேல் இன்னும் இரண்டு கட்டுரைகள் எழுத வேண்டும். ஏன் இரட்டைப் பட்டம் என்பதற்கு 3,000 எழுத்துகள்தான் இடம். செய்த ஆய்வை விளக்குவதற்கு 10,000 எழுத்துகள். ஆசையைச் சொல்ல ஒரு பங்கு, வேலையைச் சொல்ல மூன்று பங்கு. உங்கள் கடிதத்திலும் ஏறக்குறைய அந்த விகிதம் இருக்கட்டும்.

இனி உங்கள் வரைவு. முதல் வாக்கியத்தை எந்த மருத்துவரும் எழுதியிருக்கலாம். இரண்டாவதில் தாத்தா வருகிறார். அவர் இழப்பை நான் சிறுமைப்படுத்தவில்லை, ஆனால் அந்த வாக்கியத்தில் அவரைப் பற்றியோ காசநோயைப் பற்றியோ ஒரு செய்தியும் இல்லை. உங்கள் உறுதி மட்டுமே இருக்கிறது. மூன்றாவது வாக்கியம் என்னைப் புகழ்கிறது. ஆக, மூன்று வாக்கியங்கள் படித்த பின்பும், நெஞ்சக நோய்ப் பிரிவில் ஓராண்டு வேலை பார்த்தவரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு வியப்பு அங்கேதான். காசநோய் ஆய்வுக்குத் தமிழ்நாட்டைவிடப் பொருத்தமான பின்னணி எத்தனை பேருக்கு வாய்க்கும்? சென்னையில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்பவர்களும் சானடோரியத்தில் (காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை) சேர்க்கப்பட்டவர்களைப் போலவே குணமடைகிறார்கள் என்று 1959இல் காட்டியது. உலகம் முழுவதும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு உண்டு. 2022இல் தமிழ்நாட்டில் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம் இன்று பல நாட்டு ஆய்வாளர்கள் உற்றுப் பார்க்கும் ஒன்று. அதன் நடுவில் நின்றவர் நீங்கள். கடிதத்தில் மனிதகுலம் வருகிறது, உங்கள் வார்டு வரவில்லை.

நடைமுறைச் செய்தி ஒன்று. அமெரிக்காவின் பல உயிர்மருத்துவ பிஎச்.டி. திட்டங்களில் முதலாண்டு மாணவர்கள் இரண்டு மூன்று கூடங்களில் சுழற்சியாக வேலை செய்து பார்த்த பிறகே வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அங்கே ஒரே பேராசிரியரை நம்பிக் கடிதம் எழுதினால் அது குறுகிவிடும். கனடாவில் ஆய்வேட்டுடன் கூடிய படிப்புகள் பலவற்றில் வழிகாட்டி ஒருவர் சம்மதிக்காமல் சேர்க்கை நகராது. ஆகவே முதலில் அவருக்கு ஒரு சிறு மின்னஞ்சல், அவர் பதிலளித்த பின் கடிதம். அந்த மின்னஞ்சலில் "தங்கள் ஆய்வுகளை ஆர்வமுடன் படித்தேன்" என்று மட்டும் எழுதுபவர்கள் வாரத்திற்குப் பலர். எந்தக் கட்டுரை, அதில் எது புரியவில்லை என்று எழுதுபவருக்குத்தான் நான் அன்றே பதில் போடுவேன்.

#5 வேப்பமரம்

இவ்வளவு உழைப்புக்குக் கடிதம் தகுதியானதா என்று கேட்க விரும்புகிறேன். நான் இருமுறை ரெசிடென்சிக்கு விண்ணப்பித்தவன். ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே முடிவு சொல்வதால், வடிகட்டியின் வேலையை ஸ்டெப் 2 மதிப்பெண் எடுத்துக்கொண்டது. பட்டம் பெற்று எத்தனை ஆண்டுகள் ஆயின, அமெரிக்க மருத்துவமனையில் பார்த்த அனுபவம் உண்டா, எந்த விசா, இவற்றையெல்லாம் தாண்டிய பிறகுதான் யாரோ ஒருவர் ஸ்டேட்மென்ட்டைத் திறக்கிறார். எச்-1பி வேலை விசா கேட்பவர் அதே தேர்வின் அடுத்த கட்டமான ஸ்டெப் 3 முடித்திருக்க வேண்டும். அதை முடிக்காதவர் எவ்வளவு அழகாக எழுதினாலும் என்ன பயன்? கடிதம் எழுதும் நேரத்தில் இன்னும் இரண்டு பரிந்துரைக் கடிதங்களுக்கு அலைவது மேல்.

#6 இரவுப்பணி

வேப்பமரம் அண்ணா சொல்வதை நான் மறுக்கவில்லை. வடிகட்டியில் நிற்பவரைக் கடிதம் காப்பாற்றாது. ஆனால் வடிகட்டியைத் தாண்டியவர்களுக்குள் மதிப்பெண் வேறுபாடு மிகச் சிறியது. அங்கே நேர்காணல் எடுப்பவரின் கையில் இருப்பது அந்த ஒரு பக்கம்தான். எங்கள் புரோகிராமில் விண்ணப்பதாரர்களோடு பேசுவதற்கு ரெசிடென்ட்களையும் அமர்த்துவார்கள். என் கைக்கு வரும் கோப்பில் நான் முதலில் படிப்பது ஸ்டேட்மென்ட்டைத்தான், ஏனென்றால் கேள்வி கேட்க எனக்கு ஒரு பிடி வேண்டும். "தொண்டு செய்ய விரும்புகிறேன்" என்பதிலிருந்து எந்தக் கேள்வியும் பிறப்பதில்லை.

இன்னொன்று. நோக்கத்தைச் சொல்வதற்கு இப்போது ஈராஸிலேயே சிக்னல் என்ற வழி வந்துவிட்டது; நமக்கு மிகவும் விருப்பமான சில புரோகிராம்களை அதன் மூலம் குறித்துக் காட்டலாம், தங்கம் என்றால் விருப்பம் கூடுதல். 2025 சேர்க்கைச் சுற்றில் இன்டர்னல் மெடிசினுக்குத் தங்கச் சிக்னல் 3, வெள்ளிச் சிக்னல் 12. எண்ணிக்கை குறைவாக இருப்பதால்தான் அதற்கு மதிப்பு. எல்லோருக்கும் அனுப்பக்கூடிய மின்னஞ்சலுக்கு அந்த மதிப்பு கிடையாது. ஸ்டேட்மென்ட்டில் சொல்லும் காரணமும் சிக்னல் போகும் இடமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். கிராமப்புற மருத்துவத்தில் நாட்டம் என்று எழுதிவிட்டுப் பெருநகரங்களுக்கு மட்டுமே சிக்னல் அனுப்பிய கோப்புகளைப் பார்த்திருக்கிறேன்.

#7 மூன்றாம்சுற்று

சிக்னல் வந்துவிட்ட பின்பும் பிப்ரவரி மின்னஞ்சலில் இடறுபவர்கள் இருக்கிறார்கள் என்பதால் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் முறை மேட்சில் இறங்கியபோது மூன்று புரோகிராம்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன்: "உங்களையே முதலிடத்தில் வைக்கிறேன்." மூன்றும் வெவ்வேறு மாநிலங்கள், யாருக்குத் தெரியப் போகிறது என்று நினைத்தேன். அதில் இரு புரோகிராம்களின் இயக்குநர்கள் ஒரே பெல்லோஷிப்பில் (ரெசிடென்சிக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி) உடன் பயின்றவர்கள். ஒரு மாநாட்டில் பேச்சுவாக்கில் என் பெயர் வந்திருக்கிறது. இதை எனக்குச் சொன்னவர், எனக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதிய பேராசிரியர். அவர் முகத்தைப் பார்ப்பது மேட்ச் ஆகாததைவிடக் கடினமாக இருந்தது.

விதிப்படி எனக்குத் தண்டனை எதுவும் இல்லை, அந்த மின்னஞ்சல் யாரையும் கட்டுப்படுத்தாது என்று இரவுப்பணி அக்கா மேலே சொன்னது உண்மை. ஆனால் பரிந்துரைத்தவரின் சொல்லையும் சேர்த்து நான் செலவழித்துவிட்டேன். மூன்றாம் முறை ஒரே ஓர் இடத்திற்கு எழுதினேன். மற்ற இடங்களுக்கு, நேர்காணலன்று பார்த்தவற்றுள் எது பிடித்திருந்தது என்று மட்டும் எழுதினேன். "முதலிடம்" என்ற சொல்லே அவற்றில் இல்லை. "மிக உயர்வாக வரிசைப்படுத்துவேன்" என்று எழுதச் சொல்லிச் சிலர் அறிவுரை தருவார்கள். முதலிடம் இல்லை என்பதற்கான மறைமொழி அது என்று படிப்பவர் எல்லோருக்கும் தெரியும். எழுதாமல் விடுவது நல்லது.

#8 வைகைக்கரை

இரவுப்பணி அக்காவுக்கும், சோதனைக்குழாய் ஐயாவுக்கும், அனுபவத்தை மறைக்காமல் சொன்ன மூன்றாம்சுற்று அண்ணனுக்கும் நன்றி. வரைவைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதற்குள் மூன்று கேள்விகள். கோச்சிங் நிறுவனம் ஒன்று "வென்ற ஸ்டேட்மென்ட்கள்" என்று ஐம்பது மாதிரிகள் விற்கிறது, வாங்கலாமா? சாட்ஜிபிடியிடம் கொடுத்து மெருகேற்றலாமா? ஜே-1 என்ற பயிற்சி விசாவில் வருவதாக இருந்தால், அமெரிக்காவிலேயே தொடர்ந்து பணியாற்றும் எண்ணத்தை ஸ்டேட்மென்ட்டில் எழுதலாமா?

#9 சோதனைக்குழாய்

முதல் இரண்டுக்கும் நான் பதில் சொல்கிறேன்.

மாதிரிகளை வாங்காதீர்கள். பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் ரெசிடென்சித் திட்டங்களுக்கு வந்த 4,975 கட்டுரைகளை மென்பொருளில் இட்டுச் சோதித்த ஆய்வு 2010இல் வெளியானது. அவற்றுள் 5.2 விழுக்காட்டில் பிறர் எழுத்து அப்படியே இருந்தது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களின் கட்டுரைகளில் அந்த விகிதம் கூடுதலாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு பதிவு செய்திருக்கிறது. அந்த முடிவைப் படித்த தேர்வாளர்கள் நம்மைப் போன்றவர்களின் கோப்பை எந்தக் கண்ணோடு திறப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

பிரிட்டனில் இதைவிட வேடிக்கையான கதை உண்டு. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பு 2007இல் சுமார் 50,000 விண்ணப்பக் கட்டுரைகளை ஒப்பிட்டுப் பார்த்தது. எட்டு வயதில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியை வைத்து விளையாடும்போது பைஜாமாவில் ஓட்டை விழுந்தது என்ற நிகழ்ச்சி 234 கட்டுரைகளில் இருந்தது. இணையத்தில் கிடந்த ஒரு மாதிரிதான் மூலம். அதே சோதனையில் முதுமையோ நோயோ கொண்ட தாத்தா 175 கட்டுரைகளில் வந்தார். வைகைக்கரையின் தாத்தா உண்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அவர் அந்த 175 பேரோடு வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது.

சாட்ஜிபிடியைப் பொறுத்தவரை, யோசனை திரட்டவும் பிழை திருத்தவும் பயன்படுத்தலாம், ஆனால் இறுதியில் இருப்பது விண்ணப்பதாரரின் சொந்த எழுத்தாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஏ.ஏ.எம்.சி.யின் நிலைப்பாடு. என் அனுபவத்தில், இயந்திரம் மெருகேற்றிய கடிதத்தில் முதலில் காணாமல் போவது ஊர்ப்பெயரும் அளவுகளும்தான். நீங்கள் "நாற்காலியில் உட்கார வைத்துத்தான் எக்ஸ்-ரே எடுத்தோம்" என்று எழுதினால், அது "வளங்கள் குறைந்த சூழலில் சவால்களை எதிர்கொண்டோம்" என்று மாற்றித் தரும். எனக்கு நாற்காலிதான் வேண்டும்.

#10 இரவுப்பணி

விசாக் கேள்விக்கு என் பதில். ஜே-1 விசாவுக்கு இந்திய அரசின் சுகாதார அமைச்சகத்திலிருந்து ஒரு சான்று வாங்க வேண்டும். இத்துறையில் பயிற்சி பெற்றவர் நாட்டுக்குத் தேவை என்றும், பயிற்சி முடிந்ததும் திரும்பி வருவதாக விண்ணப்பதாரர் எழுத்து மூலம் உறுதியளித்திருக்கிறார் என்றும் அதில் இருக்கும். பயிற்சிக்குப் பின் இரண்டாண்டு தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே வருகிறது. அதற்கு விலக்குப் பெறும் வழிகள் உண்டு, பலரும் பெறுகிறார்கள். ஆனாலும் ஒரு தாளில் திரும்பி வருவேன் என்று கையெழுத்திட்டுவிட்டு, இன்னொரு தாளில் நிரந்தரமாக இங்கேயே என்று எழுதுவது அறிவுடைமை ஆகாது. ரெசிடென்சி ஸ்டேட்மென்ட்டில் பயிற்சிக்காலத்தைப் பற்றியும் அடுத்து விரும்பும் துறையைப் பற்றியும் எழுதினால் போதும். எங்கே வாழப்போகிறேன் என்று யாரும் கேட்கவில்லை.

கேட்காத கேள்வி ஒன்றுக்கும் பதில். ஸ்டெப் 2 படிப்பதற்காக எடுத்த இடைவெளி இருந்தால் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். ஒரு பத்தி எழுதினால் அதுவே குற்ற ஒப்புதல் போல ஆகிவிடும்.

#11 வைகைக்கரை

ஆய்வுக் கடிதத்தின் புதிய முதல் பத்தியை இங்கே இடுகிறேன்.

"நெஞ்சக நோய்ப் பிரிவில் என் இரண்டாம் மாதத்தில், காசநோய் மருந்து தொடங்கி நான்கு வாரம் ஆகுமுன் மூன்று நோயாளிகள் ஒரே வாரத்தில் இறந்தனர். மூவருடைய கேஸ் ஷீட்டிலும் எடை எழுதப்பட்டிருந்தது, உயரம் எழுதப்படவில்லை. உயரம் இல்லாமல் பி.எம்.ஐ. கணக்கிட முடியாது, கடும் ஊட்டக்குறைவு உள்ளவர்களை முதல் நாளிலேயே அடையாளம் கண்டு உள்நோயாளியாகச் சேர்க்கும் திட்டத்திற்கு அந்த எண் தேவை. உயரம் ஏன் விடுபட்டது என்று செவிலியரிடம் கேட்டேன். அவர்களால் நிற்க முடியவில்லை, அதனால் அளக்க முடியவில்லை என்றார். மிக மோசமாக மெலிந்திருப்பவரே அளவுகோலுக்கு வெளியே போய்விடுகிறார் என்பது எனக்கு அன்று புரிந்தது. அதன்பின் துறைத்தலைவரின் அனுமதியோடு ஆறு மாதக் கேஸ் ஷீட்டுகளை எடுத்து ஓர் ஆய்வு மேற்கொண்டேன். உயரம் விடுபட்டவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. படுத்த நிலையில் உள்ள நோயாளிக்கு மேல்கையின் சுற்றளவை அளந்து அதே முடிவை எடுக்க முடியுமா என்பதே நான் தொடர விரும்பும் கேள்வி."

தாத்தாவை எடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொன்னபோது சற்று வருத்தப்பட்டார்.

#12 சோதனைக்குழாய்

தம்பி, இந்தக் கடிதம் என் மேசைக்கு வந்திருந்தால் அன்று மாலையே உங்களைப் பேச அழைத்திருப்பேன். முந்தைய வரைவைப் படித்தபோது உங்களுக்கு ஒரு கேள்வி இருப்பதாகவே எனக்குத் தெரியவில்லை. இனி நான் சொல்லப்போவது நுணுக்கமான திருத்தங்கள். அதற்கு இந்த வரைவு தகுதி பெற்றுவிட்டது.

நிற்க இயலாமையும் அந்தத் திட்டத்தில் தனியான ஓர் ஆபத்து அறிகுறி. பி.எம்.ஐ. இல்லாவிட்டாலும் அந்த ஒன்றை வைத்தே நோயாளியைச் சேர்த்திருக்க வேண்டும். நேர்காணலில் யாராவது இதைக் கேட்பார்கள். அன்று அவர்கள் சேர்க்கப்பட்டார்களா, இல்லையா என்பதைக் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள், இல்லையெனில் உங்கள் வாதத்தின் அடித்தளம் ஆடும்.

"இறப்பு அதிகமாக இருந்தது" என்ற இடத்தில் எண்ணிக்கை வேண்டும். எத்தனை கேஸ் ஷீட்டில் எத்தனை? சிறிய எண்ணாக இருந்தால் வெட்கப்பட வேண்டாம். நிற்க முடியாதவர் ஏற்கெனவே நோய் முற்றியவர், ஆகவே உயரம் விடுபட்டதற்கும் இறப்புக்கும் நேரடித் தொடர்பு இல்லாமலும் இருக்கலாம் என்று நீங்களே ஒரு வாக்கியம் சேர்த்தால், அதைப் படிக்கும் எவரும் உங்களை மாணவராக அல்ல, சக ஆய்வாளராகப் பார்க்கத் தொடங்குவார்.

அடுத்து, "ஆய்வு" என்ற சொல். நிறுவன நெறிக்குழுவின் (எதிக்ஸ் கமிட்டி) ஒப்புதல் பெற்றீர்களா? துறைத்தலைவரின் அனுமதி மட்டும் இருந்ததென்றால் அது துறைக்குள் நடந்த தணிக்கை (ஆடிட்). தணிக்கை என்றே எழுதுங்கள். ஒப்புதல் இல்லாத ஆய்வு என்று படிப்பவர் புரிந்துகொண்டால், மேலே சொன்ன நல்லதெல்லாம் ஒரே சொல்லில் போய்விடும்.

ஊட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ரேஷன்ஸ் ஆய்வை ஒரு வரியில் தொட்டுச் செல்லுங்கள். நோயாளியின் வீட்டாருக்கு உணவுப் பொருள் கொடுத்ததில் அவர்களிடையே புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது என்பது அதன் முடிவு. உங்கள் கேள்வி அதிலிருந்து எங்கே பிரிகிறது என்று சொன்னால், துறையைப் படித்திருக்கிறீர்கள் என்பது தானே தெரியும்.

#13 இரவுப்பணி

எனக்கும் பிடித்திருக்கிறது. ஈராஸுக்கு இதையே அப்படியே அனுப்பிவிடாதீர்கள். அங்கே கடைசி மூன்று வாக்கியங்களை எடுத்துவிட்டு, செவிலியரிடம் கேட்ட பிறகு அந்த வார்டில் நீங்கள் என்ன மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். அளவுநாடா வாங்கினீர்களா, அடுத்த ஷிப்டில் இருந்தவருக்குச் சொல்லிக் கொடுத்தீர்களா? ரெசிடென்சியில் எங்களுக்கு அதுதான் தேவை. அந்தச் செவிலியருக்கு இரண்டு கடிதங்களிலும் இடம் இருக்கட்டும்; சக பணியாளரிடம் கேட்டுத் தெரிந்துகொள்பவர் என்பதை வேறு எந்த வாக்கியமும் இவ்வளவு எளிதாகச் சொல்லாது. "ஒரே வாரத்தில் மூவர்" என்பதோடு மாதத்தையும் ஆண்டையும் சேர்க்க வேண்டாம், நோயாளிகளை அடையாளம் காண அது வழி செய்யும்.

#14 வைகைக்கரை

நெறிக்குழு ஒப்புதல் பெறவில்லை, துறைக்குள் மட்டும் நடந்தது. தணிக்கை என்று மாற்றிவிட்டேன். மூவரில் இருவர் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் மாத்திரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார், அதையும் எழுதுகிறேன். அளவுநாடாவை நான் வாங்கவில்லை. அந்தச் செவிலியரே தையற்கடையிலிருந்து ஒன்று வாங்கி வந்து கேஸ் ஷீட் அட்டையில் கட்டித் தொங்கவிட்டார், ஆகவே அப்படியே எழுதுகிறேன். எண்ணிக்கை இருக்கும் நோட்டுப் புத்தகம் ஊரில் இருக்கிறது. நினைவிலிருந்து எழுத விருப்பமில்லை என்பதால் ஞாயிற்றுக்கிழமை போய் எடுத்து வந்து முழு வரைவையும் இடுகிறேன்.